மூணு பேர் சேந்து ஸ்டார்ட்அப், பங்கு எப்படி பிரிக்கறது? ஒருத்தன் இன்னும் வேலைய விடல, மாமா வேற காசு போட்டிருக்காரு

நூல்கணக்கு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், மொத தடவை கேக்கறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

நாங்க மூணு பேரு, காலேஜ்ல ஒரே கிளாஸ். திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் கணக்கு பாக்கற ஒரு ஆப் பண்ணிருக்கோம். ஊரு தெரியாதவங்களுக்கு சொல்றேன், இங்க ஒரு டீசர்ட் முழுசும் ஒரே கூரைக்கு கீழ ஆகறது கம்மி, நூல் வாங்கி நிட்டிங்குக்கு குடுப்பாங்க, துணியாகி டையிங் போகும், அப்பறம் காம்பாக்டிங், சில ஆர்டருக்கு பிரிண்டிங், அதுக்கப்பறம்தான் கட்டிங் டேபிளுக்கே வரும். ஒவ்வொரு எடத்துக்கும் டிசி (சரக்கு கூட போற டெலிவரி சலான் சீட்டு) போட்டு அனுப்பணும், நூறு கிலோ போனா நூறு கிலோ திரும்பி வராது, எவ்வளவு கொறைஞ்சா ஞாயம் எவ்வளவு கொறைஞ்சா களவுன்னு தெனமும் ஒரு சண்டை. ஜிஎஸ்டில வேற அனுப்புன சரக்கு ஒரு வருசத்துக்குள்ள திரும்பி வந்துச்சான்னு கணக்கு காட்டணும். இதெல்லாம் இப்ப நோட்டுலயும் எக்செல்லயும் வாட்ஸ்அப்லயும் கெடக்குது, அதைத்தான் போனுக்கு கொண்டு வந்திருக்கோம். சில யூனிட்டு காசு குடுத்தே யூஸ் பண்றாங்க. அடுத்த மாசம் பிரைவேட் லிமிடெட்டா ரிஜிஸ்டர் பண்ணலாம்னு இருக்கோம், அங்கதான் பிரச்சனை.

நான் கோயமுத்தூர்ல பாத்த வேலைய விட்டுட்டு முழு நேரமா கோட் எழுதறேன். ரெண்டாவது ஆளு சேல்ஸ், அவங்கப்பா நிட்டிங் யூனிட் வெச்சிருக்காரு, கஸ்டமர் எல்லாம் அந்த பழக்கத்துலதான் வந்தாங்க. மூணாவது ஆளு பெங்களூர்ல ஒரு பெரிய கம்பெனில இருக்கான், சர்வர் டேட்டாபேஸ் பேக்கப் எல்லாம் அவந்தான், ராத்திரி உக்காந்து பண்றான், ஆனா வீட்டு லோன் இருக்கறதால வேலைய விட மாட்டேங்கறான். எங்க மாமா, அம்மாவோட அண்ணன், போன வருசம் 8 லட்சம் குடுத்தாரு, அப்ப ஒண்ணும் எழுதிக்கல, இப்ப கம்பெனி ஆகுதுன்னதும் நாலுல ஒரு பங்கு எனக்குன்னு சொல்றாரு.

சேல்ஸ் பாக்கறவன் மூணு பேருக்கும் சமம்ங்கறான், எனக்கு அது முழுசா ஒப்பல, ஆனா வாய் தொறந்து சொல்ல முடியல. யாராச்சும் நடுவுல போனா என்ன பண்றதுன்னு வெஸ்டிங் (பங்கு ஒரே நாள்ல இல்லாம, இருக்க இருக்க கொஞ்சம் கொஞ்சமா சொந்தமாகற முறை) பத்தி படிச்சு சொன்னேன், "நமக்குள்ள எதுக்குடா பேப்பரு, என்னை சந்தேகப்படறயா"ன்னு மூஞ்சிய தூக்கி வெச்சிட்டான். இத கடந்து வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க, சமமா போடறதா, மாமாவுக்கு என்ன சொல்றது, பெங்களூர்க்காரன கோஃபவுண்டர்னு சேக்கறதா வேண்டாமா?

அடையாறு_கோடர்

ப்ரோ சிம்பிளா சொல்றேன், மூணு பேருக்கும் சமமா போட்டுட்டு வேலைய பாருங்க. இதுவரைக்கும் யாரு எவ்ளோ பண்ணாங்கன்னு எண்ண ஆரம்பிச்சா விடியவே விடியாது. நீங்க எழுதுன கோட் ஒரு வருசத்து வேலையா இருக்கும், ஆனா கம்பெனி உருப்படணும்னா இன்னும் பத்து வருசம் இழுக்கணும். ஃப்ரெஷ்டெஸ்க் 2010ல சென்னைல ஆரம்பிச்சாங்க, அமெரிக்க பங்குச் சந்தை நாஸ்டாக்ல லிஸ்ட் ஆனது 2021 செப்டம்பர். சார்ஜ்பீ 2011ல நாலு பேர் சேந்து ஆரம்பிச்சது, யூனிகார்ன் (நூறு கோடி டாலர் மதிப்பு கம்பெனி) ஆக அவங்களுக்கும் 2021 ஆச்சு. நீங்க பிரிக்கறது அந்த வரப்போற பத்து வருசத்த, போன வருசத்த இல்ல. இன்னைக்கு 5 சதவீதம் கம்மியா வாங்குனவன் நாலாவது வருசம் ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா எந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிப்பான், அவ்ளோதான்.

கணக்குப்புலி

மாமா மேட்டர மொதல்ல முடிங்க சார், அதுதான் எரியுது. 8 லட்சத்துக்கு 25 சதவீதம்னா உங்க மொத்த கம்பெனியும் 32 லட்சம்னு அர்த்தம். காசு குடுக்கற கஸ்டமர் இருக்கற சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இது ரொம்ப அடிமாட்டு வெலை.

இப்படி போட்டு பாருங்க. மாமாவுக்கு 25 குடுத்தா உங்க மூணு பேருக்கும் ஆளுக்கு 25. நாளைக்கு வேலைக்கு எடுக்கறவங்களுக்குன்னு ஈசாப் (ஊழியர்களுக்கு குடுக்கற பங்கு) 10 சதவீதம் ஒதுக்குனா ஆளுக்கு 22.5. அப்பறம் ஒரு இன்வெஸ்டர் வந்து 20 சதவீதம் எடுத்தா ஆளுக்கு 18. அப்ப ராத்திரி பகலா ஓடற உங்களுக்கும் 18, வீட்ல உக்காந்து டிவி பாக்கற மாமாவுக்கும் 18. மாமா இல்லாம இதே கணக்கு போட்டா உங்களுக்கு ஆளுக்கு 24 நிக்கும். வர்ற இன்வெஸ்டர் இந்த பேப்பர பாத்ததும் மொத கேள்வி "யாரு இந்த 18?"னுதான் கேப்பான், சிலபேரு அதுக்கு மேல பேசவே மாட்டான்.

மாமா மேல தப்பு சொல்லல, யாரும் நம்பாதப்ப குடுத்தாரு, அந்த ரிஸ்க்குக்கு வெலை உண்டு. ஆனா 25 இல்ல.

சிஎஸ்_அக்கா

தம்பி, நான் கம்பெனி செக்ரட்டரியா ப்ராக்டீஸ் பண்றேன், இந்த மாதிரி மூணு பேர் கூட்டணி நெறைய பாக்கறேன். எல்லாரும் சதவீதத்துலயே நிக்கறீங்க, ஆனா அடிச்சிக்கிட்டு எங்ககிட்ட வர்றவங்க சண்டை பெரும்பாலும் வேற எடத்துல இருக்கும், யாரு முடிவெடுக்கறது, போறவன் எதை எடுத்துட்டு போறான்னு.

மொத விசயம் ஓட்டு. கம்பெனி சட்டத்துல சாதாரண தீர்மானத்துக்கு பாதிக்கு மேல ஓட்டு வேணும், சிறப்பு தீர்மானத்துக்கு எதிர் ஓட்டு மாதிரி மூணு மடங்கு வேணும், அதாவது 75 சதவீதம். சமமா மூணா பிரிச்சா எந்த ரெண்டு பேரு சேந்தாலும் மூணாவது ஆளை டைரக்டர் பதவில இருந்து எறக்கிடலாம், அது சாதாரண தீர்மானம். ஆனா அவரோட ஷேரை தொட முடியாது, அவரு வீட்ல உக்காந்துக்கிட்டே ஆர்ட்டிகிள்ஸ் (கம்பெனியோட உள் விதிகள்) மாத்தறது, வெளியாளுக்கு புது ஷேர் குடுக்கறது எல்லாத்தையும் தடுக்கலாம். எறங்குன டைரக்டர், கோவத்துல இருக்கற ஷேர்ஹோல்டர், இத விட மோசமான நெலைமை ஒரு சின்ன கம்பெனிக்கு கெடையாது. அதுக்குத்தான் வெஸ்டிங், உங்க நண்பர சந்தேகப்பட்டு இல்ல.

இங்க நடைமுறை என்னன்னா ஷேர் எல்லாம் மொத நாளே அவங்க அவங்க பேருக்கு வந்துடும், ஆனா நாலு வருசத்துல போனா போறவரு இன்னும் சம்பாதிக்காத பங்க மத்தவங்களுக்கு பேசுன வெலைக்கு குடுத்துடணும்னு ஒப்பந்தம். மொத வருசத்துக்குள்ள போனா ஒண்ணும் இல்ல, ஒரு வருசம் முடிஞ்சா கால்வாசி, அப்பறம் மாசா மாசம் ஏறும். பேசுன வெலை அன்னைக்கு மார்க்கெட் மதிப்ப விட ரொம்ப கம்மியா இருந்தா வாங்கறவருக்கு வருமான வரி வர வாய்ப்பு இருக்கு, அதனால வாசகத்த சிஏ ஒருத்தர்கிட்ட காட்டிட்டு எழுதுங்க.

இதுல நெறைய பேரு கோட்டை விடற எடம் ஒண்ணு. ஒப்பந்தம் மட்டும் போட்டா பத்தாது, ஷேர் கைமாத்தறதுக்கு நீங்க போடற கட்டுப்பாடு கம்பெனியோட ஆர்ட்டிகிள்ஸ்லயும் இருக்கணும். ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன்னு சுப்ரீம் கோர்ட் வழக்கு, ஒரு குடும்ப கம்பெனி, அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 25 ஷேர், ஒரு கிளையோட பங்க அந்த கிளைக்கே மொதல்ல குடுக்கணும்னு அவங்களுக்குள்ள பேசி வெச்சிருந்தாங்க, ஆனா ஆர்ட்டிகிள்ஸ்ல அது இல்ல, அதனால கம்பெனியையும் ஷேர்ஹோல்டர்களையும் அது கட்டுப்படுத்தாதுன்னு தீர்ப்பு. இன்னைக்கு வரைக்கும் எங்க வேலைல இத சொல்லாத நாளில்ல.

ரெண்டாவது, கோட். நீங்க எழுதுனப்ப கம்பெனியே பொறக்கல, அதனால அந்த கோட் காப்பிரைட் சட்டப்படி உங்க சொந்தம், உங்க பெங்களூர் நண்பர் எழுதுன பகுதி அவரு சொந்தம். கம்பெனி பேருக்கு எழுத்துல மாத்தி குடுக்கணும். அந்த பத்திரத்துல எத்தனை காலத்துக்குன்னு எழுதலேன்னா அஞ்சே வருசம்னு சட்டம் எடுத்துக்கும், எந்த நாட்டுக்குன்னு எழுதலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னு எடுத்துக்கும். நெட்ல கெடைக்கற ஒரு பக்க மாடல டவுன்லோட் பண்ணி கையெழுத்து போட்டுட்டு ஆறாவது வருசம் பங்களாதேஷ்ல கஸ்டமர் புடிக்க போறப்ப முழிப்பீங்க.

மூணாவது, போறவன் இதே மாதிரி ஆப் பண்ணக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டா பத்திரம்னு நெனைக்காதீங்க. வெளிய போனதுக்கு அப்பறம் தொழிலே பண்ணாதேன்னு தடுக்கற ஷரத்து ஒப்பந்த சட்டம் 27வது பிரிவுல அடிபட்டுடும். ரகசியம் காக்கணும், கஸ்டமர் டேட்டாவ எடுத்துட்டு போகக் கூடாதுங்கறதெல்லாம் நிக்கும்.

மாமா பணம் பத்தி தனியா எழுதறேன், இப்ப ஒரு மீட்டிங்.

சும்மா_ஒருத்தன்

நமக்குள்ள எதுக்கு பேப்பர்னு சொல்றவன்கிட்டதான் மொதல்ல பேப்பர் வாங்கணும் 😂

நூல்கணக்கு

அக்கா ரொம்ப நன்றிங்க, அந்த அஞ்சு வருசம் மேட்டர் சுத்தமா கேள்விப்பட்டதே இல்ல. @சும்மா_ஒருத்தன் அவன் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க, அவங்க வீட்ல இத்தனை வருசமும் வாய் வார்த்தைலயே வியாபாரம் பண்ணவங்க, லட்சக்கணக்குல நூல் கடன் போன்லயே முடியும், அந்த பழக்கத்துல பேசறான். அடையாறு ப்ரோ சொல்றதும் ஞாயமாத்தான் படுது, ஆனா மூணாவது ஆளு சம்பளம் வாங்கிட்டு சமமா பங்கும் கேக்கறப்ப எனக்கு வவுறு எரியுதுங்க, பொய் சொல்லல.

மெரினா_மொட்டமாடி

வேலைய விடாதவன் கோஃபவுண்டரே கெடையாது, முடிஞ்சது கதை. அவனுக்கு அட்வைசர்னு ஒண்ணு ரெண்டு சதவீதம் குடுங்க. இன்னொண்ணு அவன் ஆஃபர் லெட்டர எடுத்து படிக்க சொல்லுங்க, வேலைல இருக்கறப்ப எழுதறதெல்லாம் எங்களுதுன்னு ஒரு வரி இருக்கும். ஆபீஸ் லேப்டாப்ல இருந்து ஒரு வரி கோட் ஏத்திருந்தாலும் தலைவலி. 2022ல விப்ரோல வேற எடத்துலயும் வேலை பாத்தாங்கன்னு 300 பேரை அனுப்புனாங்க, ஞாபகம் இருக்குல்ல.

கடன்கார_இன்ஜினியர்

@மெரினா_மொட்டமாடி ஆஃபர் லெட்டர் விசயம் ஓகே, ஆனா "வேலைய விடாதவன் கோஃபவுண்டர் இல்ல"ங்கறது அப்பன் காசு இருக்கறவன் பேசற பேச்சு பாஸ். ஈஎம்ஐ கட்டறவன் எப்படி விடுவான்? மூணு பேர்ல ஒருத்தன் சம்பளம் வாங்குனாதான் சில டீமே உயிரோட இருக்கும், சர்வர் பில்லு யாரு கட்டறா, அவன்தான் கட்டறான்னு பந்தயம் கட்டறேன்.

எல்லாரும் ஆப்பிள்னா ஜாப்ஸ், வோஸ்னியாக்னு ரெண்டு பேரத்தான் சொல்லுவாங்க, மூணாவதா ரொனால்ட் வேய்ன்னு ஒருத்தர் இருந்தாரு. 1976 ஏப்ரல் 1ம் தேதி மூணு பேரும் கையெழுத்து போட்டாங்க, மத்த ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 45, இவருக்கு 10, ரெண்டு பேரும் முட்டிக்கிட்டா இவரு ஓட்டுதான் தீர்ப்பு, அதுக்குத்தான் அந்த 10. பன்னெண்டே நாள்ல வெலகிட்டாரு, கைக்கு வந்தது 800 டாலர். எல்லாரும் அவர முட்டாள்னு சிரிப்பாங்க, ஆனா அது அப்ப பார்ட்னர்ஷிப், கடன் வந்தா பார்ட்னர் சொத்து மேல கை வைப்பாங்க, மூணு பேர்ல சொத்துன்னு ஏதாச்சும் இருந்தது அவருக்கு மட்டும்தான். வீடு இருக்கறவன் பயப்படறதும் இல்லாதவன் பயப்படாததும் ஒண்ணு இல்ல. உங்க பெங்களூர் ஆளோட லோன வவுறு எரிச்சலோட பாக்காம அவன் எப்ப விட முடியும்னு ஒரு தேதி கேளுங்க, அந்த தேதி வரைக்கும் அவனுக்கு வெஸ்டிங் பாதி வேகத்துல ஓடட்டும்.

மெரினா_மொட்டமாடி

எங்கப்பா ஆட்டோ ஓட்டறாரு பாஸ், தெரியாம பேசாதீங்க. தேதி ஐடியா ஓகே.

கடன்கார_இன்ஜினியர்

சாரி பாஸ் 🙏

காதர்பேட்டை

தம்பி நானும் திருப்பூருதானுங்க, பனியன் செக்சன் வெச்சிருக்கேன், நீங்க விக்கற ஆளு நாந்தான், அதனால என் பக்கத்துல இருந்து சொல்றேன் தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஆப் பேரு தெரியல ஆனா இதே மாதிரி ரெண்டு மூணு பேரு எங்கிட்ட வந்து காட்டிட்டாங்க.

மேல எல்லாரும் கோட் எழுதறவனா வேலைய விடாதவனான்னு பேசறீங்க, உங்க மூணு பேர்ல எனக்கு பயம் யார பாத்துன்னா அந்த சேல்ஸ் தம்பிய பாத்துதானுங்க. கெட்டவருன்னு இல்ல. அவங்கப்பா நிட்டிங் வெச்சிருக்காருன்னீங்கல்ல. நான் என்ன கவுண்ட் நூல் வாங்கறேன், மாசம் எத்தனை டன்னு, எந்த டையிங்குக்கு போடறேன், கிலோவுக்கு என்ன ரேட்டு குடுக்கறேன் எல்லாம் உங்க ஆப்ல ஏத்தணும். அத ஒரு நிட்டிங்காரரு பையன் பாக்க முடியும்னா நான் ஏத்துவனா சொல்லுங்க. அடுத்த தடவை ரேட்டு பேச உக்காந்தா என் சீட்டெல்லாம் அவங்கப்பா கைல இருக்கும். மூஞ்சிக்கு நேரா யாரும் சொல்ல மாட்டாங்க, "பாக்கலாம் தம்பி, சீசன் முடியட்டும்"னு டீ குடுத்து அனுப்பிடுவாங்க.

இன்னொண்ணு. இப்ப காசு குடுக்கற யூனிட்டெல்லாம் அவங்கப்பாவுக்கு பழக்கம்னீங்க. அவங்க ஆப்புக்கு காசு குடுக்கறாங்களா இல்ல அவரு மொகத்துக்கு குடுக்கறாங்களான்னு பாத்துக்கோங்க. அவருக்கு ஒரு ஆர்டர் நிட்டிங் குடுக்கறப்ப கூடவே பையனுக்கு ஒரு ரெண்டாயிரம், அது வியாபாரத்துல சகஜம். அவரு பழக்கம் இல்லாத ஒரு அஞ்சு யூனிட்டு தெனமும் டிசி போட்டு காசும் குடுத்தாத்தான் அது கணக்கு. சேல்ஸ் தம்பிக்கு எவ்வளவு பங்குன்னு அதுக்கப்பறம் முடிவு பண்ணுங்க, இப்பவே 33 எழுதி வெக்காதீங்க.

நூல்கணக்கு

அண்ணா நீங்க சொன்னத படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேனுங்க. ரெண்டு யூனிட்ல "டேட்டா எங்கப்பா இருக்கும், யாரெல்லாம் பாப்பீங்க"ன்னு கேட்டாங்க, நாங்க ஹேக்கிங் பயம்னு நெனைச்சு என்க்ரிப்சன் பத்தியெல்லாம் ஸ்லைடு போட்டு வெளக்குனோம்.

இப்ப புரியறது என்னன்னா டேட்டாபேஸ்ல கஸ்டமர் எண்ட்ரிய யாரு பாக்க முடியும் யாரு முடியாதுன்னு கதவ பூட்டற வேலை முழுக்க பெங்களூர்க்காரன் கைல இருக்கு. அவனை நான் பாதி ஆளுன்னு நெனைச்சிட்டு இருந்தேன்.

மொத_எம்ப்ளாயி

நான் கோஃபவுண்டர் இல்ல, ஒரு ஸ்டார்ட்அப்ல மொத ஆளா வேலைக்கு சேந்தவ, பேரு வேண்டாம், இப்ப அந்த கம்பெனி இல்ல. வெளிய இருந்து பாத்தவளா ரெண்டு விசயம் சொல்லணும்.

அங்க மூணு பேரும் சமம், எல்லாத்தையும் சேந்து முடிவெடுப்போம்னு பெருமையா சொல்லுவாங்க. நடந்தது என்னன்னா காலைல ஒருத்தர் வந்து இந்த ஸ்கிரீன் மொதல்லன்னு சொல்லுவாரு, மத்தியானம் இன்னொருத்தர் வந்து அத நிறுத்து கஸ்டமர் வேற கேக்கறாருன்னு சொல்லுவாரு, சாயங்காலம் மூணாவது ஆளு ஏன் எதுவும் முடியலன்னு கேப்பாரு. அவங்களுக்குள்ள மூஞ்சி முறியக் கூடாதுன்னு யாரும் யார்கிட்டயும் பேச மாட்டாங்க, எல்லாம் எங்க தலைல விடியும். சம்பளம் லேட்டானது கூட கஷ்டமா தெரியல, இதான் தாங்க முடியல. சமமா பங்கு வெச்சுக்கோங்க வேண்டாங்கல, ஆனா ப்ராடக்ட்ல கடைசி வார்த்தை யாரு, வெலைல கடைசி வார்த்தை யாரு, ஆள் எடுக்கறதுல யாருன்னு சொல்லிடுங்க, வேலைக்கு வர்றவங்களுக்கும் அது தெரியட்டும்.

ரெண்டாவது, டொமைன் யாரு மெயில் ஐடில வாங்கிருக்கீங்க? கிளவுட் அக்கவுண்ட் யாரு கார்டுல ஓடுது? பிளே ஸ்டோர் யாரு பேருல? அங்க ஒரு ஃபவுண்டர் கோச்சிட்டு போனப்ப டொமைன் அவரு சொந்த மெயில்ல இருந்துச்சு, ரினியூவல் மெயில் அவருக்குத்தான் போச்சு, அவரு வேணும்னு செய்யல, பாக்கவே இல்ல. சைட் ஒரு நாள் காலைல காணோம். பேப்பர்ல கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கம்பெனி மெயிலுக்கு மாத்துங்க, ரெண்டு பேருக்கு ரிக்கவரி இருக்கட்டும்.

ராக்கெட்_ரசிகன்

இங்க யாரும் சொல்லாத ஒண்ணு, டீம்ல மூணு பேரும் ஒரே கிளாஸ்னா மூணு பேருக்கும் தெரியாததும் ஒண்ணாத்தான் இருக்கும். ராக்கெட் பண்ற அக்னிகுல் கம்பெனிய பாருங்க, ஆரம்பிச்சது 2017, ஐஐடி மெட்ராஸ். ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் அதுக்கு முன்னாடி அமெரிக்கால ஃபைனான்ஸ்ல இருந்தவரு, மொயின் ஆபரேசன்ஸ் பாக்கறவரு, கூட பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி, எரிதல் ஆராய்ச்சில பழுத்தவரு. மூணு பேரும் மூணு தெசை. 2024 மே 30 ஸ்ரீஹரிகோட்டால அவங்க சொந்த ஏவுதளத்துல இருந்து விட்டாங்க, ஒரே துண்டா 3டி பிரிண்ட் பண்ண இன்ஜின், அதுக்கு முன்னாடி நாலு தடவை தள்ளி வெச்சாங்க. அந்த நாலு தடவையும் ஒருத்தரு மேல ஒருத்தரு பழி போடாம இருந்திருக்காங்கன்னா அவங்கவங்க வேலை எதுன்னு தெளிவா இருந்ததும் ஒரு காரணம்னுதான் எனக்கு தோணும், இது என் கணிப்பு. உங்க டீம்ல காதர்பேட்டை அண்ணன் மாதிரி தொழில் உள்ள இருந்து, ஆனா நிட்டிங் டையிங் எதுலயும் பங்கு இல்லாத ஒருத்தர் வேணும். ரிட்டயர் ஆன மெர்ச்சண்டைசர் (ஆர்டர் எடுத்து முடிச்சு குடுக்கறவரு) யாராச்சும் தேடுங்க.

சிஎஸ்_அக்கா

மாமா பணம் பத்தி சொல்றேன்னு போனேன். கடனா மாத்திக்கலாமேன்னு எல்லாருக்கும் மொதல்ல தோணும். பிரைவேட் கம்பெனி டைரக்டர்கிட்டயும் டைரக்டரோட உறவினர்கிட்டயும் கடன் வாங்கலாம், ஆனா கம்பெனி சட்டத்துல உறவினர்னா கணவன் மனைவி, அப்பா அம்மா, புள்ளைங்க, மருமகன் மருமகள், கூடப் பொறந்தவங்க, கூட்டுக் குடும்பத்து ஆளுங்க, அவ்வளவுதான். தாய்மாமன் அந்த லிஸ்ட்ல இல்ல. நமக்கு காது குத்தறதுல இருந்து மாமன் இல்லாம ஒண்ணும் நடக்காது, அந்த சட்டத்துக்கு மாமன் வெளியாளு. ஆனா வருமான வரி சட்டத்துல மாமா உறவினர்தான், அவரு உங்களுக்கு குடுத்தது அன்பளிப்புன்னா உங்களுக்கு வரி கெடையாது. ஸ்டார்ட்அப்புகளுக்கு கன்வெர்ட்டிபிள் நோட்னு (பின்னால ஷேரா மாத்திக்கற கடன்) ஒண்ணு இருக்கு, அதுக்கு ஒரே தவணைல கொறைஞ்சது 25 லட்சம் வேணும், உங்களுக்கு ஒத்து வராது.

அதனால ரெண்டு வழி. அவரு திருப்பி கேக்காத பணமா உங்களுக்கே குடுத்துட்டு நீங்க டைரக்டரா கம்பெனிக்கு கடன் குடுக்கறது, அப்ப இது நான் வேற எடத்துல கடன் வாங்குன பணம் இல்லன்னு எழுதி குடுக்கணும், பொய்யா எழுதாதீங்க. இல்லாட்டி நேர்மையா ஒரு மதிப்பு போட்டு ஷேர் குடுக்கறது. ஏஞ்சல் டாக்ஸ (மதிப்ப விட அதிக வெலைக்கு ஷேர் குடுத்தா கம்பெனிக்கு வந்த வரி) 2024 பட்ஜெட்ல எடுத்துட்டாங்க, அந்த பயம் வேண்டாம், வேல்யுவேசன் ரிப்போர்ட் மட்டும் வேணும். எது பண்ணாலும் பணம் கம்பெனி பேங்க் அக்கவுண்ட் வழியா வரட்டும், உங்க சொந்த அக்கவுண்ட்ல வந்து செலவானத ஷேர்னு காட்ட முடியாது.

டிபிஐஐடி (மத்திய அரசு துறை) குடுக்கற ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கும் மறக்காம போட்டுடுங்க. சாதாரணமா ப்ரொமோட்டருக்கு, அதாவது கம்பெனி ஆரம்பிச்சவங்களுக்கு, ஈசாப் குடுக்க முடியாது, அங்கீகாரம் இருந்தா பத்து வருசம் வரைக்கும் முடியும், பெங்களூர் தம்பிக்கு பின்னால கூட்டி குடுக்கணும்னா ஒரு கதவு தொறந்திருக்கும்.

நூல்கணக்கு

எல்லாருக்கும் அப்டேட். ஞாயித்துக்கெழமை மூணு பேரும் அவிநாசில உக்காந்து பேசுனோம். காதர்பேட்டை அண்ணன் எழுதுனத அப்படியே சேல்ஸ்காரன்கிட்ட போன்ல காட்டுனேன், கோவப்படுவான்னு பயந்தேன், அவன் படிச்சிட்டு "எங்கப்பாவே இப்படித்தான் யோசிப்பாரு"ன்னு சிரிச்சுட்டான். கஸ்டமர் எண்ட்ரி எதையும் அவன் லாகின்ல பாக்க முடியாத மாதிரி பண்றோம், கஸ்டமருக்கு குடுக்கற ஒப்பந்தத்துலயும் எழுதறோம். வெஸ்டிங்குக்கும் ஒத்துக்கிட்டான், மூணு பேருக்கும் ஒரே மாதிரி நாலு வருசம்னா சரின்னான், தனக்கு மட்டும்னு நெனைச்சுத்தான் மொதல்ல மொறைச்சிருக்கான்.

பெங்களூர்க்காரன் மார்ச் மாசம் வேலைய விடறேன்னு தேதி குடுத்துட்டான், அதுவரைக்கும் பாதி வேகம். சர்வர் பில்லு அவந்தான் கட்டிட்டு இருந்தான், கடன்கார_இன்ஜினியர் பந்தயத்துல ஜெயிச்சுட்டீங்க. ஆஃபர் லெட்டர ஒரு வக்கீல்கிட்ட காட்டறான், சொந்த லேப்டாப்லதான் எல்லாம் பண்ணிருக்கான். டொமைன் என் சொந்த மெயில்லதான் இருந்துச்சு, நேத்து மாத்திட்டோம்.

பங்கு எனக்கு 40, சேல்ஸ்க்கு 35, பெங்களூருக்கு 25. ப்ராடக்ட்ல கடைசி வார்த்தை நான், வெலை சேல்ஸ், டேட்டா செக்யூரிட்டி பெங்களூர். மாமா கடனெல்லாம் வேண்டாம் பங்குதான் வேணும்னு நிக்கறாரு, பேசி பேசி 6 சதவீதத்துக்கு வந்தாரு. பழைய 8 லட்சம் செலவுபோக மிச்சம் இருக்கறத அவருக்கே திருப்பிட்டு, 8 லட்சமும் புதுசா கம்பெனி அக்கவுண்ட்லயே போடறேன்னுட்டாரு. எல்லாருக்கும் சமமா கொறைச்சு அவருக்கு குடுக்கறோம். அக்கா இது சரியா வருமுங்களா?

சிஎஸ்_அக்கா

நல்லா பேசிருக்கீங்க தம்பி, ஆனா ஓட்டு கணக்க ஒரு தடவை போட்டு பாருங்க. மாமாவுக்கு 6 போனா உங்களுக்கு 37.6, சேல்ஸ்க்கு 32.9, பெங்களூருக்கு 23.5. உங்க மூணு பேர்ல எந்த ரெண்டு பேரு சேந்தாலும் பாதிக்கு மேல வருது, அதனால சாதாரண தீர்மானம் பிரச்சனை இல்ல. சிறப்பு தீர்மானம் பாருங்க. நீங்களும் சேல்ஸும் சேந்தா 70.5, பத்தாது. கூட மாமா கை தூக்குனா 76.5, நெறைவேறிடும். அதாவது பெங்களூர் தம்பி ஒருத்தர மட்டும் ஓரங்கட்டிட்டு ஆர்ட்டிகிள்ஸையே மாத்தலாம், அதுக்கு சாவி உங்க மாமா கைல. வேற ஃபவுண்டர் யாரையும் இந்த மாதிரி ஓரங்கட்ட முடியாது. பெங்களூர் தம்பி இது தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டாரா?

தெரியாம ஒத்துக்கிட்டிருந்தா நீங்களே சொல்லிடுங்க, ஒரு வருசம் கழிச்சு அவரு சிஏ சொல்லி தெரிஞ்சா வேற மாதிரி ஆகிடும். சதவீதத்த மாத்தணும்னு கூட இல்ல, ஆர்ட்டிகிள்ஸ் மாத்தறது, புது ஷேர் குடுக்கறது, கம்பெனிய விக்கறது, இந்த மூணுக்கும் மூணு ஃபவுண்டரும் சம்மதிக்கணும்னு ஒரு ஷரத்து போட்டா போதும்.

நூல்கணக்கு

அவனுக்கு தெரியாதுங்க அக்கா, எனக்கே இப்பதான் தெரியும். இன்னைக்கு நைட்டு அவன கூப்ட்டு இத சொல்லிடறேன், அந்த ஷரத்த நீங்க சொன்ன மாதிரியே போட்டுக்கலாம். ஒப்பந்தத்துலயும் ஆர்ட்டிகிள்ஸ்லயும் ரெண்டுலயும் வரணும்ல, டிராஃப்ட் வந்ததும் பேரெல்லாம் எடுத்துட்டு இங்க போடறேன், எல்லாரும் ஒரு கண்ணு பாத்து சொல்லுங்க.

காதர்பேட்டை

தம்பி, லாகின்ல தெரியாதுன்னு எழுதி குடுத்தா எனக்கு ஒரு டெமோ காட்டுங்க. செவ்வாய்க்கெழமை வாங்க, திங்கக்கெழமை சம்பள கணக்கு இருக்கும். சேல்ஸ் தம்பியும் வரட்டும், அவரு போன்லயே நான் தேடி பாக்கறேன்.